நினைவூட்டிக்கு வந்த மறதி

இந்த மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வெளிநாட்டில் ஒரே ஒரு ஆள், வேறு பிழைப்புக்கு நடுவே எழுதி விற்கிற சின்னச் சரக்கு இது. பெயர் போட்டுத் திட்டினால் மனுஷன் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். அப்புறம் பதிவுச் சாவி தொலைந்தால் நான் யாரிடம் போய் நிற்பது? இந்த வகையறா எல்லாமே ஏறத்தாழ ஒரே அச்சு என்பதால் பெயர் தெரியாததில் உங்களுக்கும் பெரிய நஷ்டமில்லை. ‘முதலில் ஓட்டிப் பார், பிறகு காசு கொடு’ என்கிற ஷேர்வேர் வகைக் காலண்டர் நினைவூட்டி. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஐகான், தட்டினால் மாதக் காலண்டர், தேதியைத் தொட்டால் ‘என்ன விஷயம், எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்கு ஒருமுறை’ என்று கேட்கும் ஒரு பெட்டி. நேரம் வந்ததும் மணியடித்து, திரை நடுவில் வந்து நிற்கும். வேலை அவ்வளவுதான்.

ஃபோனில் இல்லாததா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் தகராறு. கடன் வேண்டுமா என்று கேட்கும் வங்கி, குடும்பக் குரூப்பின் காலை வணக்கம், கிரிக்கெட் ஸ்கோர், இவற்றுக்கு நடுவே ‘இன்று பிரீமியம் கடைசி நாள்’ என்று ஒரு வரி வந்து படுத்துக்கொள்கிறது. ‘எல்லாவற்றையும் அழி’ என்று ஒரு தட்டுத் தட்டினால் அதுவும் சேர்ந்து போயிற்று. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கையைப் பிடித்து நிறுத்துகிற ஒன்று தேவைப்பட்டது. அதற்குக் கணக்குத் தொடங்க வேண்டும், ஓ.டி.பி. தர வேண்டும், மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும் என்பதெல்லாம் இருக்கக்கூடாது. தேடிப்போனால் பழைய ஷேர்வேர்தான் அகப்பட்டது. சில வாரங்களாக இதோடுதான் குடித்தனம்.

நிறுவுகிற கதையை முதலில் முடித்துவிடுகிறேன். இறக்கிய கோப்பு மூன்று எம்.பி.கூட இல்லை. விண்டோஸ் 11-இல் அதைத் திறந்ததும் நீலப் பெட்டி ஒன்று குறுக்கே விழுந்து, உங்கள் கணினியைக் காப்பாற்றிவிட்டேன் என்கிறது. கண்ணில் படுகிற பொத்தான் ‘ஓட்டாதே’ ஒன்றுதான். ‘மேலும் தகவல்’ என்ற பொடி எழுத்தைத் தட்டினால்தான் ‘பரவாயில்லை, ஓட்டு’ என்ற பொத்தானே தலைகாட்டும். அடுத்தது மஞ்சள் பட்டை: வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லையாம். இதைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். வைரஸ் இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. எழுதியவர் கையொப்பச் சான்றிதழ் வாங்கவில்லை, அவ்வளவே. அந்தச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் சில நூறு டாலர் ஆகும். போதாக்குறைக்கு 2023 ஜூனிலிருந்து அதன் ரகசியச் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வேறு வந்துவிட்டது. இருபது டாலருக்குச் சரக்கு விற்கிறவர் எத்தனை பிரதி விற்று அந்தக் காசை எடுப்பார்? எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, ஆன்ட்டிவைரஸில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுவுங்கள். ‘இலவசப் பதிவிறக்கம்’ என்று பச்சைப் பொத்தான் காட்டும் இடைத்தரகர் தளங்களின் பக்கமே போகாதீர்கள்.

உதவிப் பக்கம் திறக்காது. விண்டோஸ் 95 காலத்து ஹெல்ப் கோப்பு அது. அதைத் திறக்கிற நிரலை விஸ்டாவிலேயே மைக்ரோசாஃப்ட் கழற்றிவிட்டது. ஃபோல்டருக்குள் ‘ஆர்டர்’ என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது. திறந்து பார்த்தேன். பெயர், முகவரி, எத்தனை பிரதி, ஃபிளாப்பியில் வேண்டுமா என்று புள்ளிக்கோடு போட்டு, அச்செடுத்து நிரப்பி, அமெரிக்க வங்கியில் மாறும் செக்கோடு தபாலில் அனுப்பச் சொல்கிறது. பதிப்பு மாறி மாறி வந்திருக்கிறது. இந்தத் தாளை எடுத்துப்போட மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குப் பிடித்ததும், என்னைப் படுத்தியதும் பதிவு செய்யும் சடங்குதான்.

சோதனைக் காலம் 30 நாள். அதுவரை எல்லா வசதியும் முழுசாக வேலை செய்யும். ஷேர்வேரின் பழைய மரியாதை இது. 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகெல்மன் தன் பி.சி.-டாக் நிரலையும், ஜிம் நாப் தன் பி.சி.-ஃபைலையும், ‘எடுத்துக்கொள், பயன்பட்டால் காசு அனுப்பு’ என்று ஊரெல்லாம் விட்டார்கள். அடுத்த ஆண்டு பாப் வாலஸ் பி.சி.-ரைட் என்ற சொற்செயலியை விட்டபோது இன்னும் ஒரு படி மேலே போனார். 75 டாலர் கட்டிப் பதிவு செய்தவர் தன் பிரதியை நண்பருக்குக் கொடுத்து, அந்த நண்பரும் பதிவு செய்தால், கொடுத்தவருக்கு 25 டாலர் கமிஷன். நகலெடுப்பவரையே விற்பனை ஏஜெண்டாக்கிய மூளை! 1987-இல் தொடங்கிய ஷேர்வேர் தொழில்முறையாளர் சங்கம், கையைக் காலை முடக்கிய நிரலை உறுப்பினர்கள் ஷேர்வேர் என்று தரக்கூடாது என்றே ஆரம்பத்தில் விதி வைத்திருந்தது. 2021-இல் அந்தச் சங்கமும் கலைந்துவிட்டது.

நம் ஊரில் ஷேர்வேருக்குப் பணம் கட்டியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யிலிருந்து நிறுவுவோம், நாள் முடிந்ததும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் சி.டி. ஒன்றிலிருந்து கீஜென் வரும். சாவி தயாரிக்கும் அந்தக் குட்டி நிரல் கூடவே ஒரு மெட்டும் வாசிக்கும். அந்த மெட்டுகள் இன்னும் காதில் நிற்கின்றன என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். பதினைந்து டாலர் அனுப்புவதற்காக வங்கி வங்கியாக அலைந்து டாலர் டிராஃப்ட் எடுத்து, ஏர்மெயில் ஒட்டுகிற அளவுக்கு யாருக்கும் நேர்மை மிச்சமிருக்கவில்லை. கோப்புகளைச் சுருக்கும் வின்ரார் சோதனைக் காலம் 40 நாள் என்கிறது. நாள் தாண்டினாலும் ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு வேலையைச் செய்துகொண்டே போகிறது. அந்தப் பெருந்தன்மையில் பழகிய தலைமுறை நாம்.

இது வின்ரார் இல்லை. 30 நாள் தாண்டியதும் இது பணம் கேட்கிற அழகே தனி. முதலில், கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒருமுறை ஒரு பெட்டி: ‘பதிவு செய்’, ‘பிறகு’. சில நாள் கழித்து ‘பிறகு’ பொத்தான் மங்கலாகிவிடும். பத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்து சுழியில்தான் உயிர் பெறும். அதற்குப் பிறகு, பழக்க தோஷத்தில் கை போகிற இடத்தைத் தெரிந்துகொண்டு இரண்டு பொத்தான்களும் இடம் மாறி உட்காரும். தட்டினால் பிரவுசர் திறந்து பணம் கட்டும் பக்கம்! மற்ற எந்த நினைவூட்டலையும்விடத் தன் கட்டண நினைவூட்டலைத்தான் இந்த ஆள் மிகக் கவனமாக எழுதியிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. நினைவூட்டும் பெட்டி, பணம் கேட்கும் பெட்டி இரண்டையுமே ‘எல்லாவற்றுக்கும் மேலே நில்’ என்று எழுதி வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் பின்னால் வந்தது முன்னதை மறைத்துக்கொள்ளும். மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் என்று சொல்ல வந்த பெட்டி, எனக்குக் கட்டணம் கட்டு என்கிற பெட்டியின் முதுகுக்குப் பின்னால் மணியடித்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தேன்.

சரி, கட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். இப்போது டிராஃப்ட் வேண்டாம், கார்டு போதும். ஆனால் 2020 மார்ச்சுக்குப் பிறகு வழங்கிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிமாற்றம் பிறவியிலேயே அணைந்திருக்கும். வங்கியின் ஆப்பில் போய் அதை எழுப்ப வேண்டும். கட்டி முடித்ததும் மறக்காமல் திரும்ப அணைத்துவிடுங்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. கேட்காமலே எடுத்துக்கொள்ளும். வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணி மார்க்கப், அதன்மேல் ஜி.எஸ்.டி. என்று கொஞ்சம் கிள்ளிக்கொள்கிறது. ஆனாலும் ஒரே தடவையோடு தீர்ந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஷேர்வேர்காரர்களிடம் எனக்கு ஒரு ஒட்டுதல் உண்டு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதிகள் நடைமுறைக்கு வந்தபோது எத்தனை வெளிநாட்டுச் சந்தாக்கள் பாதியில் அறுந்தன என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மாதம் பிறந்ததும் கார்டு மறுக்கப்பட்டது, மென்பொருள் பூட்டப்பட்டது என்கிற பேச்சே இங்கே கிடையாது.

அடுத்து வந்தது பெயர். விண்ணப்பத்தில் முதற்பெயர், கடைசிப் பெயர் இரண்டுக்கும் நட்சத்திரக் குறி. நமக்கு ஏது கடைசிப் பெயர்? முன்னால் ஒரு இனிஷியல், அதற்குப் பின்னால் ஒரு பெயர். இனிஷியலைக் கடைசிக் கட்டத்தில் போட்டால், இரண்டு எழுத்துக்குக் குறையக்கூடாது என்று சிவப்பில் கத்துகிறது. பாஸ்போர்ட்டில் செய்கிற மாதிரி அப்பா பெயரை விரித்து எழுதினேன். பத்து நிமிடத்தில் மின்னஞ்சல் வந்தது. ‘அன்புள்ள மிஸ்டர்’ என்று தொடங்கி, அப்பாவின் பெயரைப் போட்டு, மென்பொருளை வாங்கியதற்காக அவருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்தே படுக்காத மனிதர். படித்துக் காட்டினேன். “நான் எப்படா வாங்கினேன்? எவ்வளவு எடுத்தான்?” என்றார்.

இதில் சிரிப்பதற்கு மட்டும் விஷயமில்லை. இந்த மாதிரி நிரல்களில் சாவி என்பது பெயரிலிருந்தே பிறக்கிறது. பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக்கி, பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து ஒரு நீள எழுத்துவரிசை செய்கிறார்கள். நிறுவியிருக்கும் நிரல் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கும், ஒத்துப்போனால் பதிவு. இணையம் தேவையில்லை, சர்வர் தேவையில்லை, எழுதியவர் கடையைக் கட்டிக்கொண்டு போனாலும் சாவி சாகாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெயரில் ஒரு புள்ளி, ஒரு இடைவெளி பிசகினாலும் கணக்கு உதைக்கும். மின்னஞ்சலில் முதலில் என் பெயர், ஓர் இடைவெளி, அப்பா பெயர். இரண்டும் பெரிய எழுத்தில். அதை அப்படியே நகலெடுத்தால் வரிக்கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘தவறான சாவி’. எது தவறு என்று சொல்லாது. பெயரா, சாவியா, பூஜ்யமா, ஓவா? சாவிக்கு ஐந்து கட்டம் கொடுத்திருக்கிறார்கள். மொத்தமாக ஒட்டினால் முதல் கட்டம் மட்டும் நிரம்பும், மிச்சத்தை விழுங்கிவிடும். ஆக, கையால் அடிக்க வேண்டும். சாவி செய்கிறவர் பூஜ்யத்தையும் ஓவையும் ஒன்றையும் ஐயையும் விலக்கிவிட்டுச் செய்திருந்தால் பாதிச் சனியன் ஒழிந்திருக்கும். கடைசியில் மணி அடித்தது. ‘பதிவு செய்ததற்கு நன்றி’. தலைப்புப் பட்டையில் என் பெயரும் அப்பா பெயரும் ஜம்மென்று உட்கார்ந்தன.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் அதே பெட்டி! அதே பத்து, ஒன்பது, எட்டு. பணம் வாங்கியதையே மறந்துவிட்டது நினைவூட்டி. திரும்பச் சாவி அடித்தேன். திரும்ப நன்றி. அடுத்த நாள் திரும்பப் பெட்டி.

இதன் காரணத்தைத் தோண்டி எடுத்தேன். பழைய மென்பொருள் வைத்திருக்கிற எல்லோருக்கும் உதவும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். இந்த நினைவூட்டி தன் அமைப்புகளை, பதிவு விவரம் உட்பட, தான் நிறுவப்பட்ட ஃபோல்டரிலேயே ஒரு ஐ.என்.ஐ. கோப்பில் எழுதுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி வரைக்கும் பெரும்பாலும் இப்படித்தான் ஓடியது. விஸ்டாவிலிருந்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டாத நிரல் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் எழுத முடியாது. பழைய நிரல்கள் அதனால் செத்துவிடக்கூடாதே என்று விண்டோஸ் ஒரு கள்ளத்தனம் செய்கிறது: எழுத வந்ததைத் தடுக்காமல், ‘வெர்ச்சுவல் ஸ்டோர்’ என்று பயனரின் பெயரில் இருக்கும் மறைவான ஃபோல்டரில் ஒரு நகலைப் போட்டு, அதில் எழுதவைக்கிறது. அடுத்த முறை படிக்க வந்தாலும் அந்த நகலையே நீட்டுகிறது. நிரலுக்கு இந்த விஷயமே தெரியாது. சோதனைக் காலத்தில் நான் மணிச் சத்தத்தை மாற்றியிருந்தேன். அன்றைக்கே அந்த நகல் பிறந்துவிட்டது. சாவி மின்னஞ்சலோ ‘அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பதிவு செய்யவும்’ என்கிறது. அப்படி ஓட்டினால் இந்தக் கள்ளத்தனம் நடக்காது. சாவி நேராக அசல் கோப்பில் போய் விழும். காலையில் நிரல் சாதாரணப் பயனராகத் தானே எழுந்திருக்கும்போது விண்டோஸ் அதன் கையில் கொடுப்பது நகலை. நகலில் சாவி ஏது?

இரண்டு கோப்பையும் நோட்பேடில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தபோது பளிச்சென்று தெரிந்தது. அசலின் அடியில் இரண்டு வரி: ஒன்றில் பெயர், ஒன்றில் சாவி. நகலில் அந்த இடம் மொட்டை. இரண்டு வரியையும் வெட்டி ஒட்டினேன். அன்றிலிருந்து பணம் கேட்கும் பெட்டி வாய் திறக்கவில்லை. முதலிலேயே அட்மினிஸ்ட்ரேட்டர் பேச்சைக் கேட்காமல் சாதாரணமாகப் பதிவு செய்தால் இந்தக் கூத்தே வேண்டாம். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ பக்கமே போகாமல், வேறொரு ஃபோல்டரைத் தந்து நிறுவினால் இன்னும் நல்லது. மின்னஞ்சலில் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்தாலே போதும், எத்தனையோ பேர் தலைமுடி பிழைக்கும்.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தமிழில் தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள். யூனிகோடு அறியாத நிரல். இந்த வகைப் பழைய நிரல்கள் பயன்படுத்தக்கூடிய குறியீட்டுப் பக்கம் விண்டோஸில் தமிழுக்குக் கிடையாது என்பதால், மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றினாலும் பிரயோஜனமில்லை. எழுத்துருவை மாற்றும் வசதி இருப்பதால் பாமினி எழுத்துருவைப் போட்டுப் பார்த்தேன். அச்சகத்துக்காரர் விரல் இருந்தால் வேலை செய்யும். மற்றவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொள்ள வேண்டியதுதான். வாட்ஸ்அப்பில் அதைத்தானே செய்கிறோம்.

திரும்பத் திரும்ப வரும் நாட்களைக் கையாள்வதில் ஆள் கெட்டிக்காரர். மாதாமாதம் 31-ஆம் தேதி என்று போட்டால் பல காலண்டர்கள் பிப்ரவரியையும் ஏப்ரலையும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இது மாதக் கடைசி நாளுக்கு நகர்ந்து வந்து சொல்கிறது. ‘முடித்த நாளிலிருந்து எண்ணு’ என்ற தேர்வு இன்னொரு தங்கம். மின்கட்டணம் நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள். ரீடிங் எடுக்க வருகிறவர் முன்பின் வந்தால் கெடுவும் நகரும். தேதியைக் கட்டிப்போடும் காலண்டருக்கு அது பிடிபடாது, இதற்குப் பிடிபடுகிறது. திதி மட்டும் இதனிடம் நடக்காது. நிலவும் சூரியனும் 12 பாகை விலகினால் ஒரு திதி. அது சுமார் 20 மணி நேரத்திலும் முடியும், 27 மணி வரைக்கும் இழுக்கும். தாத்தாவின் திதியை ‘ஆண்டுக்கு ஒருமுறை’ என்று போட முடியாது. இதைக் குறையாகச் சொல்வதும் நியாயமில்லை. காலண்டர் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 2009-இல் வந்த ஆர்.எஃப்.சி. 5545 விதிகளே கிரிகோரியன் கணக்கோடு நின்றுகொண்டன; 2015-இல்தான் சீன, எபிரேய முதலான நாட்காட்டிகளுக்குத் தனியாக ஒரு வழி செய்தார்கள். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஆடிப்பெருக்கன்றே சிவகாசி அச்சகங்கள் அடுத்த வருஷக் காலண்டர்களுக்கு மாதிரி ஆல்பம் போட்டுவிடுகின்றன. தினசரித் தாள் காலண்டரைப் பார்த்து ஜனவரியிலேயே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றிவிடுங்கள்.

இத்தனை திட்டிய பிறகும் இதை நான் அகற்றவில்லை. காரணம் அந்த நினைவூட்டல் பெட்டி. சாம்பல் நிறம், நீலத் தலைப்பு, நடுவில் ஒரு வரி, கீழே ‘முடிந்தது’, ‘பத்து நிமிடம் பொறு’. விண்டோஸின் ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்புக்கு இது கட்டுப்படுவதில்லை. அறிவிப்புப் பட்டியலில் போய்ப் படுத்துக்கொள்வதும் இல்லை. பதில் சொல்லும் வரை நிற்கும். ஊருக்குப் போய்விட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், இல்லாத நாட்களில் தவறியவற்றையெல்லாம் தேதியோடு ஒரே பட்டியலாக நீட்டுகிறது. கேஸ் சிலிண்டரும் பிரீமியமும் வண்டி இன்ஷூரன்ஸும் அதில் வரிசையாக நிற்கும். இவ்வளவு சின்ன விஷயத்தை லட்ச ரூபாய் ஃபோன் ஏன் செய்வதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இனிஷியல் விவகாரத்தையும் வெர்ச்சுவல் ஸ்டோர் விவகாரத்தையும் எழுதியவருக்கு மின்னஞ்சலில் போட்டேன். மறுநாளே பதில். மின்னஞ்சல் வாக்கியத்தை மாற்றிவிட்டாராம். கடைசிப் பெயரைக் கட்டாயமில்லாமல் செய்வது, யூனிகோடு, ஒரே கட்டத்தில் சாவி ஒட்டுவது எல்லாம் அடுத்த பெரிய பதிப்பில் வருகிறதாம். அதற்குப் புதிய சாவி வேண்டும். ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு அரை விலை. விண்ணப்பத்தில் இப்போது பதிவாகியிருக்கிற பெயரையே, ஓர் எழுத்தும் மாற்றாமல் தரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கடிதமும் மிஸ்டர் அப்பாவுக்குத்தான்.